சத்தம் போடும், தண்ணீர் தள்ளாது

ஷார்ஜாவில் அந்தப் புகார் மே மாதக் கடைசியில்தான் வர ஆரம்பிக்கும். அதுவரை அதே வண்டி, அதே ஆள், அதே சாலை. ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டிய வாரத்தில் பெரிய கார் ஒன்று கேரேஜ் வாசலில் வந்து நிற்கும். இறங்குகிறவர் சாவியை மேஜையில் போட்டுவிட்டு, "சையாரா தஅபானா" என்பார். வண்டி களைத்துப் போச்சாம்.

நோண்டிக் கேட்டால்தான் விவரம் வரும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது பறக்கிறது. ஷேக் ஜாயித் ரோட்டில் முதல் தடவை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டாவது தடவை அவ்வளவு இல்லை. அதற்கப்புறம் பக்கத்து லேனில் போகும் கேம்ரி டாக்ஸிக்காரன்கூட ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே முந்திப் போகிறான். டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் ஆடாமல் நிற்கிறது. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் எடுத்தால் மறுபடி பறக்கிறது.

நான் அங்கே போனது 2007-ல். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவில்பட்டிப் பக்கம் லாரி ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேரேஜில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை என்று விசா வந்தது. தெருவுக்குத் தெரு கேரேஜ், நடுவே பழைய பார்ட்ஸ் கடைகள், முக்குக்கு முக்கு மலையாளி டீக்கடை. எங்கள் ஃபோர்மேன் திருச்சூர்க்காரர், எல்லாருக்கும் சேட்டன். டிங்கர் வேலைக்கு ஒரு பெஷாவர் பட்டாணி, பெயின்டுக்கு ஒரு வங்காளி. டர்போ எனக்கு லாரியில் பழக்கம்தான். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் என்பது பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம், பரீட்சையில் ஐந்து மார்க். அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

அந்த அரைப் பக்கத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் பெயர் இருந்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் ஊர்க்காரர்கள். 1860-ல் அவர்கள் காப்புரிமை வாங்கிய காற்றூதி காருக்காகச் செய்ததில்லை, கார் என்ற ஒன்றே அப்போது கிடையாது. உலைக்களத்துக்கும் சுரங்கத்துக்கும் காற்றடிக்கப் பயன்பட்ட சாதனம் அது. பிற்பாடு 1930-களில் ஆல்ஃப் லிஷோல்ம் என்ற சுவீடன் இன்ஜினீயர் இரண்டு திருகு உருளைகள் ஒன்றையொன்று கவ்விச் சுழலும் கம்ப்ரசரைக் கொண்டுவந்தார். எங்கள் கேரேஜுக்கு வந்த வண்டிகளில் இந்த இரண்டு வகையும் இருந்தன. ஜெர்மன் கார், ஆங்கிலேயக் கார், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கார் எல்லாமே உண்டு. 2000-களின் முதல் பாதியில் பெரிய கம்பெனிகள் பலவும் எட்டு சிலிண்டர் இன்ஜினின் தலையில் இந்தச் சாதனத்தை உட்கார வைத்துக்கொண்டிருந்த காலம். எந்தக் கம்பெனி என்று இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. சொல்லவும் தேவையில்லை, நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் எல்லாரும் ஒரே குடும்பம்தான்.

காற்றை அமுக்கினால் சூடாகும். எவ்வளவு சூடாகும் என்று ஒரு ராத்திரி ரூமில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெளியே 45 டிகிரி. சூப்பர்சார்ஜர் 0.8 பார் அழுத்தம் கூட்டுகிறது, அதாவது காற்று 1.8 மடங்கு அழுத்தத்துக்குப் போகிறது. ஒரு நஷ்டமும் இல்லாத காகிதக் கணக்கிலேயே 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. உண்மையில் எந்தக் கம்ப்ரசரும் நஷ்டமில்லாமல் ஓடாது. 120 டிகிரி என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. அந்தக் கொதிகாற்றை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் இரண்டு கேடு. சூடான காற்று எடை குறைந்தது. 60 டிகிரியில் போக வேண்டிய காற்று 120-ல் போனால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை போய்விடும். அந்த அளவுக்கு பெட்ரோலும் குறைச்சலாகத்தான் எரியும். அதைவிடப் பெரிய கேடு, பெட்ரோல் ஸ்பார்க்குக்குக் காத்திருக்காமல் தானாக வெடிக்க ஆரம்பிக்கும். அது பிஸ்டனைத் தின்றுவிடும்.

அதனால்தான் நடுவில் இன்டர்கூலர். டர்போ லாரியில் ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய பலகையாக நிற்குமே, காற்றைக் காற்றே குளிர்விக்கும், அந்த மாதிரி இல்லை இது. எட்டு சிலிண்டர் இன்ஜினின் பள்ளத்திலேயே, சூப்பர்சார்ஜருக்கு அடியிலோ பக்கத்திலோ, கையடக்கமாக ஒரு கூலர். அதற்குள் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் தனி ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிட்டுத் திரும்பி வரும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் விநாடிக்கு 400 கிராம் காற்று உள்ளே போகிறது, அதில் 60 டிகிரியை இறக்க வேண்டும். கணக்குப்படி 24 கிலோவாட் சூடு. ஊரில் குளியலறைச் சுவரில் மாட்டுகிறோமே 2 கிலோவாட் ஹீட்டர், அதில் பன்னிரண்டை ஒரே சமயத்தில் போட்ட மாதிரி. கூலருக்குள் இருக்கும் தண்ணீர் இரண்டு லிட்டர்தான் என்று வைத்தால், அது நகராமல் நின்றுவிட்ட மாத்திரத்தில் விநாடிக்கு மூன்று டிகிரி வீதம் ஏற ஆரம்பிக்கும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் வீதம் ஓடிக்கொண்டிருந்தால் அதே தண்ணீர் உள்ளே போய் வெளியே வருவதற்குள் 17 டிகிரிதான் ஏறும்.

அந்த 20 லிட்டரைத் தள்ளுவது ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப். உள்ளங்கைக்குள் அடங்கும். 12 வோல்ட், ஒன்றரையிலிருந்து இரண்டு ஆம்பியர். குளிர் நாட்டுக் கார்களில் இன்ஜினின் சுடுநீரை ஆள் உட்காரும் இடத்து ஹீட்டருக்குச் சுற்றிவிடுவதற்கு வைக்கும் பம்ப் வகைதான் இது. மெதுவாகச் சுற்றினால் போதும் என்ற வேலைக்கு ஏற்றது. 350 கிலோவாட் இன்ஜினின் மானம் 20 வாட் மோட்டார் ஒன்றின் கையில் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பம்ப்பே எனக்குச் சோறு போட்டது வேறு விஷயம்.

முதலில் வந்தது கறுப்பு நிற வண்டி ஒன்று. எங்களிடம் வருவதற்கு முன்னால் வேறொரு கேரேஜ் அதன் கைக்கு எட்டியதையெல்லாம் மாற்றியிருந்தது. 16 ஸ்பார்க் பிளக், பியூவல் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார். பில் தொகை ஐயாயிரம் திர்ஹாமைத் தாண்டியிருந்தது, வண்டியின் களைப்பு தீரவில்லை. சேட்டன் ஸ்கேனரை மாட்டச் சொன்னார். ஃபால்ட் கோட் ஒன்றுகூட இல்லை. "லைவ் டேட்டா எடுத்து, உள்ளே போற காத்தோட சூடு என்னன்னு பாரு" என்றார். சும்மா நிற்கும்போதே 78.

பம்ப்பைத் தேடிக் கீழே குனிந்தேன். மெலிதாக ஒரு ரீங்காரம். கை வைத்தால் அதிர்வும் இருந்தது. ரிலே சரி, பியூஸ் சரி, கனெக்டரில் 13.8 வோல்ட். "பம்ப் ஓடுது சேட்டா" என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே வந்து, ஒரு கையால் பம்ப்பிலிருந்து போகும் ஹோஸையும் இன்னொரு விரலால் திரும்பி வரும் ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். "சப்தம் கேட்டு பம்பு நல்லதாணுன்னு பறயருது" என்றார். சத்தத்தைக் கேட்டுப் பம்ப் நல்லது என்று சொல்லாதே என்று. கூலருக்குப் பக்கத்து ஹோஸ் கை வைக்க முடியாத சூடு. முன் ரேடியேட்டரிலிருந்து வரும் ஹோஸ் கேரேஜின் சூட்டில்தான் இருந்தது. தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்க வழியே இல்லை.

கழற்றிய பம்ப்பை நான் தூக்கிப் போடவில்லை. ராத்திரி ஹாக்ஸா பிளேடு வைத்து அறுத்துப் பார்த்தேன். அப்போதுதான் அந்த ரீங்காரத்தின் ரகசியம் புரிந்தது. மோட்டாரின் ஷாஃப்ட் தண்ணீர்ப் பக்கம் வருவதே இல்லை. ஷாஃப்ட் நுனியில் ஒரு காந்தம். நடுவே பிளாஸ்டிக் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள், இம்பெல்லரோடு சேர்ந்த இன்னொரு காந்தம். இது சுழன்றால் அதுவும் சுழலும். ஷாஃப்ட்டுக்கு சீல் தேவையில்லை, ஒழுகலுக்கு இடமே இல்லை. நல்ல யோசனை, மறுக்க மாட்டேன். ஆனால் இம்பெல்லர் பக்கம் அழுக்கு கட்டி இறுகிவிட்டால், காந்தப் பிடி வழுக்கும். மோட்டார் தன் பாட்டுக்குச் சுற்றும், சத்தம் போடும், அதிரும். தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். அந்த வண்டியின் இம்பெல்லரைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு இருந்தது.

காருக்கு இதெல்லாம் தெரியாது. அந்தத் தலைமுறை வண்டிகளில் கம்ப்யூட்டர் ரிலேயை மூடும், அத்தோடு அதன் கடமை முடிந்தது. பம்ப்புக்குக் கரன்ட் போனதா, பம்ப் சுற்றியதா, தண்ணீர் நகர்ந்ததா என்று கேட்பதற்கு ஒரு சென்சாரும் இல்லை. காற்றின் சூடு ஏறிவிட்டது என்பது மட்டும் தெரியும். வெயில் அதிகம் போலிருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டு, இன்ஜினைக் காப்பாற்ற ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்னும் ஏறினால், சில மாடல்களில் சூப்பர்சார்ஜர் புல்லியில் ஏசி கம்ப்ரசருக்கு வைக்கிற வகை மின்காந்த கிளட்ச் உண்டு, அதை விடுவித்துவிடும். இதெல்லாம் தற்காப்பு, பழுது இல்லை. பழுது இல்லாததால் விளக்கும் எரியாது. சீட் பெல்ட் போடாவிட்டால் கத்துகிறான், கண்ணாடி துடைக்கும் தண்ணீர் தீர்ந்தால் மஞ்சள் விளக்கு போடுகிறான், இதற்கு ஒரு விளக்கு வைக்க மனசு வரவில்லையே என்று அந்தக் கம்பெனிக்காரர்களை நான் மனசுக்குள் திட்டாத கோடை கிடையாது.

போகப் போக எனக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. முதலில் வண்டியை ஓட்டிக்கொண்டே காற்றின் சூட்டைப் பார்ப்பேன். வெளியே 44 என்றால், நல்ல வண்டியில் நிதானமாக ஓடும்போது 55, 60-ல் இருக்கும். ஒரு தடவை மிதித்தால் 70 வரை ஏறும். காலை எடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். பம்ப் உயிரோடு இருந்தால் ஒரு நிமிஷத்தில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். செத்திருந்தால் இறங்காது, ஏறின இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு அடுத்த மிதிக்கு இன்னும் ஏறும். அப்புறம் கேரேஜுக்கு வந்து கிளாம்ப் மீட்டரைப் பம்ப் ஒயரில் மாட்டி, ஹோஸை இடுக்கியால் நசுக்குவேன். தண்ணீர் தள்ளுகிற பம்ப்பாக இருந்தால் ஆம்பியர் மாறும், சத்தமும் மாறும். நசுக்கினாலும் விட்டாலும் ஒரே ஆம்பியர், ஒரே சத்தம் என்றால் அது சும்மா சுற்றுகிறது என்று எழுதிக் கையெழுத்தே போடலாம்.

இன்னொரு ரகம் கார்பன் பிரஷ் தேய்ந்தது. இது ஆளை ஏமாற்றும். காலையில் ஓடும், மதியம் நிற்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டினால் திடுக்கிட்டு எழுந்து ஓடும். தட்டிவிட்டு, "சரியாப் போச்சு" என்று ஐம்பது திர்ஹாம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற கேரேஜ்களும் அந்தத் தெருவில் இருந்தன.

புதுப் பம்ப் போட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பம்ப்பால் காற்றை உறிஞ்ச முடியாது. இம்பெல்லர் தண்ணீரில் முழுகியிருந்தால்தான் தள்ளும். கூலரோ இன்ஜினின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. ஹோஸைக் கழற்றும்போது புகுந்த காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். புதுப் பம்ப், புது ரிலே, சூடு மட்டும் பழைய சூடு. கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் என்னிடம் வேலை பழகினான். "அண்ணே, பம்ப்பே டூப்ளிகேட்டா இருக்குமோ" என்பான். "பம்ப்பைத் திட்டாதே தம்பி, வண்டியோட மூக்கைத் தூக்கு" என்பேன். முன் சக்கரங்களை ஜாக்கியில் ஏற்றி, தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, ஸ்கேனரால் பம்ப்பை ஓடவிட்டு, ஹோஸ்களைக் கையால் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். குமிழ் குமிழாக வரும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடினால் ஒரு பெரிய ஏப்பம் விடும். பிற்பாடு கம்ப்ரசர் காற்றால் வெற்றிடம் உண்டாக்கிக் கூலன்ட்டை உறிஞ்ச வைக்கும் கருவி ஒன்றை முதலாளி வாங்கித் தந்தார். அரை மணி வேலை ஐந்து நிமிஷமானது. கேரேஜில் வாங்கிய சாமான்களிலேயே உருப்படியானது அதுதான் என்பேன்.

வெள்ளைப் படிவு சொன்னேனே, அதற்கு வருகிறேன். அந்த ஊரில் கூலன்ட் விற்பது கஷ்டம். "இங்கே எங்கே பனி பெய்யுது? உறையாமல் இருக்கத்தானே அது? தண்ணி ஊத்து" என்பார்கள், படித்தவர்கள்கூட. அதில் பாதி உண்மை இருப்பதுதான் தொந்தரவு. வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிட நன்றாகவே சூட்டைச் சுமக்கும். சரிபாதி கிளைக்கால் கலந்தால் சுமக்கும் திறன் நூற்றுக்கு இருபது பங்கு வரை குறையும். ஆனால் கூலன்ட்டில் இருப்பது கிளைக்கால் மட்டுமில்லை. அலுமினியம் அரிக்காமல் இருக்க மருந்தும் அதில்தான் இருக்கிறது. கூலர் அலுமினியம், முன் ரேடியேட்டர் அலுமினியம், இன்ஜின் அலுமினியம். குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உலோகம் கரைந்து வெள்ளைச் சேறாகிச் சுற்றி வரும். அந்தச் சேறு எங்கே போய்த் தங்கும்? இருப்பதிலேயே சின்ன இடுக்கு எதுவோ அங்கே. இம்பெல்லருக்கும் சுவருக்கும் நடுவே. பம்ப் மட்டும் மாற்றிவிட்டுப் பழைய தண்ணீரையே ஊற்றி அனுப்பினால், அடுத்த கோடைக்கு அதே ஆள் அதே சாவியோடு வருவார். நான் சுத்தமான நீரும் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட்டும் கலந்து ஊற்ற ஆரம்பித்தேன். சேட்டன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம்.

சில வண்டிகளில் இன்ஜினுக்கும் இன்டர்கூலருக்கும் ஒரே தொட்டி. இதை யார் யோசித்தார்களோ. இன்ஜின் தண்ணீர் 90 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்க, அதன் பக்கத்து வீட்டில் குளிர்ந்த தண்ணீரைக் குடிவைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அது செல்லுபடியாகலாம். வளைகுடாவில் அந்தக் குழாய்களைப் பிரித்து இன்டர்கூலருக்குத் தனித் தொட்டி வைப்பது ஒரு குடிசைத் தொழிலாகவே நடந்தது.

பம்ப் வாங்குவது தனிக் கதை. கம்பெனி ஷோரூமில் ஒரு விலை. அதே ஜெர்மன் பம்ப் கம்பெனிப் பெட்டியில் இல்லாமல் பார்ட்ஸ் கடையில் அதில் பாதி விலை, அறுநூறு திர்ஹாம் வாக்கில். அதற்கும் கீழே, அச்சு அசலாக அதே எழுத்து, அதே எண், நூற்றிருபது திர்ஹாம். கையில் எடுத்தால் எடை குறைவு. அச்சு எழுத்து தேய்த்தால் வரும். கனெக்டருக்குள் செம்பு பளபளக்கும், அசலில் வெள்ளிப் பூச்சின் நிறம் இருக்கும். போலியைப் போட்டால் அன்றைக்கு அசலைவிட நன்றாக ஓடும். ரம்ஜான் வருவதற்குள் படுத்துவிடும். முதலாளிக்கு நூற்றிருபதில் ஆசை. வாரன்டி கொடுக்க வேண்டியது கேரேஜ் என்பதைச் சேட்டன் நினைவுபடுத்தினால்தான் அறுநூறுக்கு ஒப்புவார்.

மூன்றாவது வழி ஸ்க்ராப். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அடிபட்ட வண்டிகள் கன்டெய்னரில் வந்து ஷார்ஜாவில்தான் பிரிபடும். கடைக்குள் போனால் இன்ஜின்கள் கூரை வரை அடுக்கியிருக்கும், நடுவில் ஒரு கான் பாய் கல்லாவில் இருப்பார். பம்ப் என்று கேட்டால் ஒரு எண்ணெய் டிரம்மைக் காட்டுவார். அதற்குள் பம்ப்பாகக் கிடக்கும். நான் ஒரு சின்ன பேட்டரியும் ஒரு வாளியும் கொண்டு போவேன். வாளித் தண்ணீரில் முக்கி ஓடவிட்டு, வெளியே பீச்சுவதைப் பார்த்துத்தான் எடுப்பேன். "அரே உஸ்தாத், ஆவாஸ் சுனோ, ஏக்தம் நயா" என்பார் கான் பாய். சத்தத்தைக் கேளுங்கள், புத்தம் புதுசு என்று. சத்தத்தை நம்புகிற காலம் எனக்குப் போய்விட்டிருந்தது.

ஒரு வண்டி மட்டும் என்னை ரொம்ப அலைக்கழித்தது. பம்ப் அசல், தண்ணீர் சுற்றுகிறது, காற்று இல்லை, கலவை புதிது. ஆனாலும் சூடு 80-ஐ விட்டு இறங்கவில்லை. கடைசியில் முன் பம்பரையே கழற்றினோம். இன்டர்கூலரின் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் மணலும் பூச்சி இறக்கையும் சேர்ந்து அப்பளமாக இறுகியிருந்தது. வண்டிக்காரர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் லிவா பக்கம் மணல்மேட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர். வண்டி மணலில் இறங்கவில்லை, தார் ரோட்டில்தான் நிற்கும். ஆனால் காற்று போதும். பையன் பிரஷர் வாஷரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அதை வாங்கி வைத்துவிட்டு, சாதா ஹோஸ் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து மெதுவாக விடச் சொன்னேன். அலுமினியத் தகடுகள் மெல்லியவை, அழுத்தத்தில் படுத்துவிடும். பழுப்புத் தண்ணீர் ஓடி ஓடி, மதிய ஓய்வு நேரம் முழுக்க அதிலேயே போனது. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது என்று அங்கே சட்டம். எங்களுக்கு மேலே தகரக் கூரை இருந்ததால் அது எங்களைச் சேராது.

பணம் இருக்கிற இளைஞர்கள் இன்னொரு பக்கம் இழுத்தார்கள். பெரிய பம்ப் வேண்டும், பெரிய ரேடியேட்டர் வேண்டும், சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி வேண்டும். புல்லி சின்னதானால் அது வேகமாகச் சுற்றும், அழுத்தம் கூடும், சூடும் கூடும். கூடின சூட்டுக்குப் பெரிய பம்ப். பெரிய பம்ப்புக்குப் பழைய ஒயர் தாங்காது, தனி ரிலேயும் தடித்த ஒயரும் பேட்டரியிலிருந்து இழுக்க வேண்டும். அது என் வேலை. படகுக்கும் பஸ்ஸுக்கும் செய்த பம்ப்களைக்கூடக் கொண்டுவந்து மாட்டச் சொல்வார்கள். அவை நன்றாகவே தாங்கின. வண்டி தயாரானதும் அல் ஐனுக்குக் கொண்டுபோய் ஜபல் ஹஃபீத் மலையில் ஏற்றிப் பார்ப்பார்கள். கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் ஏற்றம், வளைவுக்கு மேல் வளைவு. பாதி மலையில் சூடு நிலைத்துவிட்டால் நான் செய்தது சரி.

உம் அல் குவைனில் டிராக் ஸ்ட்ரிப் இருந்தது. அங்கே போகிறவர்கள் டிக்கியில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, இன்டர்கூலர் ஹோஸை அதுவரை நீட்டி, பெட்ரோல் பங்க்கில் வாங்கிய ஐஸ் மூட்டையைக் கொட்டுவார்கள். முதலில் எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. கணக்குப் போட்டால் அசந்துபோனேன். 5 கிலோ ஐஸ் உருகுவதற்கே, நான் முன்னால் சொன்ன 24 கிலோவாட் சூட்டை 70 விநாடி வாங்கிக்கொள்ளும். அவர்கள் ஓடுவது கால் மைல், 12 விநாடி. மீதி ஐஸில் பெப்ஸி குளிர்ந்துகொண்டிருக்கும்.

வாடிக்கையாளர்களுக்கு நான் சொன்ன ஒரே யோசனை, பம்ப்பை டிசம்பரில் மாற்றுங்கள் என்பது. பிரேக் பேட் மாதிரி தேயும் பொருளாக அதை நினைக்க வேண்டும், செத்த பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விடக்கூடாது. ஒருவரும் கேட்க மாட்டார்கள். டிசம்பரில் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது. வெளியே 20 டிகிரியில் பம்ப் இல்லாமலேகூடப் பாதி வேலை நடந்துவிடும், அதுதான் மோசம். அக்டோபரில் செத்த பம்ப்பை மே மாதம் வரை சுமந்துகொண்டு அலைந்தவர்கள் பலர். கேட்டவர் ஒருவர்தான். அஜ்மானில் இருந்த அரபி, அறுபதை நெருங்கியவர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கோடை அடிபட்ட பிறகு அவர் வருஷாவருஷம் குளிர்காலத்தில் வருவார். பம்ப்பின் ஆம்பியரை நான் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன், போன வருஷத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவேன். அவருக்கு அந்த நோட்டில் அவ்வளவு ஈடுபாடு. டிக்கியில் ஒரு புதுப் பம்ப்பைத் துணியில் சுற்றி எப்போதும் வைத்திருப்பார்.

2014-ல் அவர் அந்த வண்டியை விற்றுவிட்டார். அதே கம்பெனியின் புதிய வண்டியில் வந்து இறங்கினார். சூப்பர்சார்ஜர் இல்லை, இரட்டை டர்போ. "கலாஸ், கொம்ப்ரஸர் முடிஞ்சுது. இனி ஆயில் மாற்ற மட்டும்தான் உங்களிடம் வருவேன்" என்று சேட்டனின் தோளில் தட்டினார். உள்ளே போய் ஏசியில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட ஆரம்பித்தார்.

பையன் பானட்டைத் திறந்தவன், அப்படியே நின்று என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இதிலே கூலன்ட் தொட்டி ரெண்டு இருக்கு."

எட்டிப் பார்த்தேன். ஒன்று இன்ஜினுக்கு. இன்னொன்று எதற்கென்று எங்கள் இருவருக்கும் கேட்காமலே தெரிந்தது. டர்போவும் காற்றை அமுக்கத்தானே செய்கிறது. தண்ணீரில் ஆறும் இன்டர்கூலர், அதற்கு எலெக்ட்ரிக் பம்ப். இந்தத் தடவை கம்ப்யூட்டர் பம்ப்போடு பேசும் ரகம், நின்றால் ஃபால்ட் கோட் எழுதும். அந்த அளவுக்கு முன்னேற்றம்தான்.

"சொல்லிடலாமாண்ணே?"

"ஆயிலை முதல்ல மாத்து. பில் போடறப்ப சேட்டன் சொல்லிக்குவார்."

சேட்டன் சொன்னார். அரபியில்தான் சொன்னார், ஆனால் அதில் 'தரும்பா மாய்', அதாவது தண்ணீர்ப் பம்ப், என்பது மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பெரியவர் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்தார். வெளியே வந்து பானட்டுக்குள் வெகுநேரம் பார்த்தார். எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டார்.

"அது பம்பினோடு சோதிக்கணும்", அதைப் பம்ப்பிடம்தான் கேட்கணும் என்று எங்கள் பக்கம் திரும்பி மலையாளத்தில் முணுமுணுத்துவிட்டு, அவரிடம் அரபியில் ஏதோ மரியாதையாகச் சொன்னார் சேட்டன். பெரியவர் சிரிக்கவில்லை. ஆயில் மாற்றிய பணத்தைக் கொடுத்துவிட்டு, டிக்கியில் வைத்துக்கொள்ள ஒரு பம்ப் வரவழைக்கச் சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார்.